விறகு வெட்டுவோரும் தண்ணீர் எடுப்போரும்: நமது சூழலியல் போதனை பற்றிய ஒரு திறனாய்வு

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாளையொட்டி நமது திருச்சபைகள் பலவற்றில் சுற்றுச்சூழல் ஞாயிறு அனுசரிக்கப்படுகிறது. ஆலய வளாகத்தில் மரக்கன்று ஒன்று நடப்படுகிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பச்சை அட்டைகளை ஏந்தி வலம் வருகின்றனர். ஆதியாகமத்தின் முதல் இரு அதிகாரங்களை ஆதாரமாகக் கொண்ட அருளுரையில், மனிதன் படைப்பின் உக்கிராணக்காரன் என்பது நினைவூட்டப்படுகிறது. இறுதியில், குழாயை மூடுங்கள், விளக்கை அணையுங்கள் என்ற அறிவுரையோடு ஆராதனை நிறைவுறுகிறது. இவற்றில் எதனையும் நாம் இகழ வரவில்லை. ஆனால் இந்த அருளுரையை எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் இறையியல் ஆசிரியராகிய நாமே. ஆதலின் அதனைத் திறனாய்வு செய்யும் கடமையும் நமக்கு உண்டு.

இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வார இறுதி ஊழியத்திற்காகச் சென்ற மாணாக்கர் ஒருவர், நாம் வகுப்பில் கற்பித்தவாறே தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றி அங்கே பிரசங்கித்தார். ஆராதனை முடிந்து கைகுலுக்கும் வேளையில் முதியவள் ஒருத்தி அவரிடம், "நீங்க சொன்னதெல்லாம் சரிதான் ஐயா. எங்க தெருவுலயும் குழாய் நட்டுருக்காக. தண்ணி வந்தாத்தானே மூடுறதுக்கு!" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். மாணாக்கர் இதனைத் தமது அறிக்கையில் ஒரு வேடிக்கையாகக் குறித்திருந்தார். வகுப்பில் அது வாசிக்கப்பட்டபோது நாமும் சேர்ந்து சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பின்னரே, அம்முதியவள் சொன்னது வேடிக்கையன்று, நமது பாடத்திட்டத்தைப் பற்றிய தீர்ப்பு என்பது நமக்கு உறைத்தது. அத்தீர்ப்பு சரியானதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. உக்கிராணத்துவப் போதனையின் வலிமையும் குறையும்

உக்கிராணத்துவம் என்னும் கருத்து நமது போதனையில் மையமான இடத்தைப் பெற்றதற்கு ஒரு வரலாறு உண்டு. 1967ஆம் ஆண்டு லின் ஒயிட் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர், சூழலியல் நெருக்கடியின் வேர்களை மேற்கத்தியக் கிறிஸ்தவம் படைப்பைப் பற்றிக் கொண்டிருந்த மனப்பான்மையில் காணலாம் என்று வாதிட்டார். இவ்வாதத்திற்கு விடையிறுக்க முற்பட்ட இறையியலார் பலர், ஆதியாகமம் மனிதனுக்கு அளிப்பது ஆளுகை உரிமையன்று, பராமரிக்கும் பொறுப்பே என்று எடுத்துக்காட்டினர். அவர்களது விடை தேவையான விடை. நிலமும் நீரும் கடவுளுடையவை, நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்னும் உணர்வை அது சபையாரிடத்தில் எழுப்பியது. இதன் வலிமையை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் இப்போதனையில் மூன்று குறைகள் காணப்படுகின்றன. முதலாவது, அது 'மனிதன்' என்று ஒருமையில் பேசுகிறது. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவரும், நான்கு குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்து அடுத்த ஊருக்குத் தள்ளிச் செல்பவளும் ஒரே உக்கிராணக்காரர் என்று அது கருதுகிறது. இரண்டாவது, அநீதியை அது விரயமாகச் சுருக்கிவிடுகிறது. எவ்வளவு செலவாகிறது என்று கேட்கும் போதனை, யாருக்குக் கிடைக்கிறது, யார் முடிவு செய்கிறார் என்று கேட்பதில்லை. மூன்றாவது, அது ஏதேன் தோட்டத்தில் தொடங்குகிறது. அத்தோட்டத்தில் நதி தானாகவே பாய்கிறது. ஒருவருக்காக மற்றொருவர் நீர் சுமக்கும் காட்சி அங்கே இல்லை. ஆகவே, அங்கே மட்டும் நின்று கற்ற மாணாக்கருக்கு, சுமப்பவரைக் காணும் கண் திறவாமற் போவதில் வியப்பில்லை.

உலகத் திருச்சபை மாமன்றம் 1983இல் வான்கூவர் நகரில் கூடியபோது, நீதி, சமாதானம், படைப்பின் ஒருமைப்பாடு ஆகிய மூன்றையும் ஒரே பொருளாக இணைத்துச் சிந்திக்குமாறு திருச்சபைகளை அழைத்தது. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் நமது பாடத்திட்டங்கள் பலவற்றில் நீதி ஒரு தாளாகவும் சூழலியல் வேறொரு தாளாகவும் நிற்கின்றன.

2. கிபியோனியர்: மறக்கப்பட்ட ஒரு பகுதி

தண்ணீரும் எரிபொருளும் நீதியும் ஒருங்கே பேசப்படும் திருமறைப் பகுதி ஒன்று உண்டு. யோசுவா 9ஆம் அதிகாரமே அது. அதனைச் சூழலியல் ஞாயிற்றில் எவரும் வாசிப்பதில்லை.

கதை நாம் அறிந்ததே. கிபியோனின் குடிகள் உயிருக்கு அஞ்சி, பழைய உடையும் பூசணம் பூத்த அப்பமுமாகத் தூர தேசத்தார் போல வந்து இஸ்ரவேலரோடு உடன்படிக்கை செய்துகொள்கின்றனர். உண்மை வெளிப்பட்டபோது, ஆணையிட்டுவிட்டபடியால் அவர்களைக் கொல்ல இயலவில்லை. மாறாக, சபைக்கும் கர்த்தருடைய பலிபீடத்திற்கும் விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் அவர்கள் நியமிக்கப்படுகின்றனர். அந்த ஏற்பாடு தம் காலத்திலும் நீடிப்பதாக ஆசிரியர் குறிப்பிட்டு அதிகாரத்தை முடிக்கிறார். விறகு அக்காலத்து எரிசக்தி. ஆகவே, ஒரு சமுதாயத்தின் நீரும் எரிசக்தியும் ஒரே மக்களின் முதுகில், தலைமுறை தலைமுறையாக, பரிசுத்தமான ஒரு நோக்கத்திற்காகவே சுமத்தப்பட்டதை இப்பகுதி பதிவு செய்கிறது. பலிபீடத்தின் நெருப்புக்கும் சுத்திகரிப்பின் நீருக்கும் பின்னால் ஓர் அடிமை ஊர் நிற்கிறது.

இவ்விடத்தில் அகழாய்வுச் செய்தி ஒன்று கவனிக்கத்தக்கது. எருசலேமுக்கு வடமேற்கேயுள்ள எல்ஜிப் என்னும் ஊரில் 1956 முதல் 1962 வரை ஜேம்ஸ் பிரிட்சர்ட் நடத்திய அகழாய்வில், கிபியோன் என்று பெயர் பொறித்த சாடிக் கைப்பிடிகள் கிடைத்தன. பாறையைக் குடைந்து வெட்டிய மாபெரும் நீர்க்குழி ஒன்றும் வெளிப்பட்டது. அதன் விட்டம் ஏறத்தாழ 11 மீட்டர். ஆழமும் ஏறத்தாழ அவ்வளவே. சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும் படிகள் 79. இது யோசுவாவின் காலத்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், கிபியோனின் குளத்தை 2 சாமுவேல் 2ஆம் அதிகாரமும் குறிப்பிடுகிறது. நீரியல் அறிவுக்குப் பெயர்பெற்ற ஓர் ஊரின் மக்களையே திருமறை மரபு தண்ணீர் சுமப்போராக நினைவிற் கொண்டுள்ளது. அறிவுடையோரைக் கூலிகளாக்குவது ஆதிக்கத்தின் பழைய வழக்கம்.

கதை அத்துடன் முடியவில்லை. 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில், தாவீதின் நாட்களில் மூன்று ஆண்டுகள் பஞ்சம் உண்டாகிறது. காரணம் வினவப்பட்டபோது, சவுல் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழியே காரணம் என்ற விடை கிடைக்கிறது. தண்ணீர் சுமந்தவர்களுக்கு இழைத்த கொடுமைக்கும் நாட்டின் வறட்சிக்கும் தொடர்பு உண்டு என்று துணிந்து கூறும் பகுதி இது. இதற்குப் பரிகாரமாகச் சவுலின் குடும்பத்தார் எழுவர் கொல்லப்பட்டதை எந்த இறையியலும் நியாயப்படுத்த இயலாது. பகுதியைக் கூர்ந்து வாசிப்போர் மற்றொன்றையும் காண்பர். ரிஸ்பாள் என்னும் தாய் அறுப்புக்காலத் தொடக்கம் முதல் மழை பெய்யும் வரை பாறையின்மேல் இரட்டு விரித்து, பிணங்களைப் பறவைக்கும் விலங்குக்கும் விடாமல் காக்கிறாள். அச்செய்தி தாவீதை அசைக்கிறது, எலும்புகள் அடக்கம்பண்ணப்படுகின்றன. அதன் பின்னரே கடவுள் தேசத்திற்கு இரங்கினார் என்று பகுதி கூறுகிறது. கொலை நிகழ்ந்த உடனே அவ்வாறு கூறவில்லை.

எனவே, யோசுவா 9ஐ முன்மாதிரியாகப் போதிக்க நாம் கேட்கவில்லை. நமது நிலையைக் காட்டும் கண்ணாடியாகப் போதிக்கவே கேட்கிறோம்.

3. கண்மாயும் கரிமூட்டமும்

இக்கண்ணாடியில் தெரியும் முகம் நமது வட்டாரத்தினுடையதே. வைகைப் பாசனப் பகுதியிலும் இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களிலும் கண்மாய் நீரைப் பங்கிடும் பொறுப்பு ஒரு மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என வட்டாரத்துக்கு வட்டாரம் அவருடைய பெயர் வேறுபடும். மடையைத் திறப்பதும் அடைப்பதும், வயலுக்கு வயல் முறை வைத்து நீர் பாய்ச்சுவதும், வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் கரையைக் காப்பதும் அவருடைய பணி. களத்தில் நெல்லாகவே அவருக்குக் கூலி அளக்கப்பட்டது. பல ஊர்களில் அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவரே ஒருபக்கம் சாயாமல் பங்கிடுவார் என்பது ஊராரின் எண்ணம். நிலமின்மையே நடுநிலைமைக்குத் தகுதியாயிற்று!

இவ்வமைப்பைப் பழம்பெருமையாகக் கொண்டாடும் போக்கு இன்று சூழலியல் எழுத்துகளில் மிகுதி. கண்மாய் நீரைப் பங்கிடும் அறிவு அவரிடம் இருந்தது. ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு குடம் நீர் மொள்ளும் உரிமை அவருடைய வீட்டாருக்கு இல்லாதிருந்தது. கிபியோன் இங்கேயும் இருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் மகாட் நகரத்துச் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியபோது, அவர் தாகத்திற்காகப் பருகவில்லை. பொதுநீர் என்பது யாருடையது என்ற கேள்வியையே எழுப்பினார். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களுக்குக் குடிநீர் வழங்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்ட செய்தி வெளியானது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னும் அக்கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை.

தண்ணீர் எடுப்போரைப் பற்றி இவ்வளவு. விறகு வெட்டுவோரும் அதே கண்மாயில் உள்ளனர். இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலம் தானாக வந்ததன்று. வறண்ட மாவட்டங்களின் விறகுத் தேவைக்காகத் திட்டமிட்டுப் பரப்பப்பட்டது. இன்று அது வரத்துக்கால்களை மூடி, நீர் கொள்ளும் பரப்பைக் குறைக்கிறது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றுமாறு ஆணைகள் பிறப்பித்தது. சபையாரும் மாணாக்கரும் ஆர்வத்தோடு மரம் அகற்றச் சென்றனர். ஆனால், மழை பொய்த்த ஆண்டுகளில் அம்மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டு, கரிமூட்டை விற்று வயிறு வளர்த்த ஏழைக் குடும்பங்கள் எத்தனையோ. புகையிலும் வெக்கையிலும் நின்று பிழைப்போரிடம், மரம் போனபின் அடுப்பெரிவது எப்படி என்று கேட்டவர் எவர்? மரத்தை அகற்ற வேண்டியதே. அதனால் வரும் இழப்பை யார் சுமப்பது என்று கேளாமல் அகற்றுவது நீதியாகாது. சூழல் சீர்பெறுவதற்கான விலையைக்கூடச் சுமப்போர் மீதே சுமத்துவது யோசுவா 9இன் வழியே.

4. மின்சாரம் எனும் புதிய விறகு

இக்காலத்தில் விறகின் இடத்தை மின்சாரம் பெற்றுள்ளது. விறகு கண்ணுக்குத் தெரிந்தது, சுமப்பவரும் தெரிந்தார். மின்சாரமோ கம்பி வழியே வருவதால், அதனைச் சுமப்போர் நமது பார்வையிலிருந்து மறைந்துவிட்டனர். மேலும், மின்சாரத்தின் வரலாறு பெரும்பாலும் தண்ணீரின் வரலாறே என்பதையும் நாம் கற்பிப்பதில்லை.

நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழ் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றினாலன்றிச் சுரங்கம் வெட்ட இயலாது. 1956இல் நிறுவனம் தொடங்கியது முதல் தமிழகத்தின் விளக்குகள் எரிந்ததற்குப் பின்னால் இந்நீரும், நிலத்தை விட்டுக்கொடுத்த ஊர்களும் உள்ளன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காகப் பச்சை நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் இறங்கியபோது, அவ்வூர்களின் கதை ஒரு நாள் செய்தியாயிற்று.

கூடங்குளத்தின் கதையிலும் நீரே முதற்பொருள். சோவியத் ஒன்றியத்துடன் 1988இல் ஒப்பந்தமான அத்திட்டத்திற்குத் தொடக்கத்தில் பேச்சிப்பாறை அணையின் நீர் கருதப்பட்டது. குமரி மாவட்டத்து உழவருக்கு அது வயலின் கேள்வி. மீனவருக்குக் கடலின் கேள்வி. நீரையும் உயிரையும் காக்க வேண்டுமென்ற முழக்கத்தோடு மீனவர் அமைப்புகள் நடத்திய நெடும்பயணம் 1989 மே முதல் நாளில் கன்னியாகுமரியில் முடிவுற்றபோது, அங்கே காவல்துறையின் துப்பாக்கி பேசிற்று. பின்னர் உலைக்கு வேண்டிய நன்னீர் கடல்நீரைச் சுத்திகரித்தே பெறப்பட்டது. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாவா என்பதில் நமது சபையாரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், முடிவெடுக்கும் மேசையில் உழவரும் மீனவரும் இருந்தனரா என்ற கேள்வியை எத்தரப்பினரும் தவிர்க்க இயலாது.

தூய்மையான எரிசக்தியும் இக்கேள்விக்கு விலக்கன்று. கமுதியில் 2016இல் தொடங்கப்பட்ட சூரிய மின் நிலையம் 648 மெகாவாட் திறனுடையது. ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. நிலக்கரிப் புகைக்கு அது நல்ல மாற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்நிலத்தில் முன்பு ஆடு மேய்த்தவர் யார், விறகு பொறுக்கியவர் யார், இன்று அவர்கள் எங்கே என்று விசாரித்துவிட்டே நாம் அதனைப் போற்ற வேண்டும். வெயில் எல்லாருக்கும் பொது, நிலம் அவ்வாறன்று.

5. சில மறுப்புகள்

இவ்வாறு போதித்தால் ஜீவத்தண்ணீரைப் பற்றிய ஆவிக்குரிய செய்தி மங்கிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். யோவான் 4ஆம் அதிகாரம் இவ்வச்சத்திற்கு இடங்கொடுக்கவில்லை. இயேசு முதலில் கேட்டது குடிப்பதற்குத் தண்ணீர். யூதர் பாத்திரத்திற்கும் சமாரியர் பாத்திரத்திற்கும் இடையே இருந்த சுவரைத் தாகத்தோடு தாண்டிய பின்னரே அவர் ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசினார். நாமோ அச்சுவரைத் தாண்டாமலேயே ஜீவத்தண்ணீரைப் பிரசங்கிக்க விரும்புகிறோம்.

சிக்கனத்தைப் போதிப்பது தவறா என்று வேறு சிலர் கேட்கலாம். தவறன்று. ஆனால், சிக்கனம் உள்ளவருக்குரிய ஒழுக்கம். இல்லாதவருக்கு உரிமையே நற்செய்தி. குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010இல் அறிவித்தது. 2019இல் நடுவண் அரசு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பும் நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரும் என்று இலக்கு வகுத்தது. இந்த 55 லிட்டர் என்ற எண்ணை அந்த முதியவளின் தெருவில் நின்று சொல்லியிருந்தால், மாணாக்கரின் பிரசங்கம் வேறாகியிருக்கும். அவளுடைய கையில் ஒரு விண்ணப்பத்திற்கான ஆதாரம் இருந்திருக்கும்.

6. கற்பிக்கும் முறை

எனவே, நமது கற்பிக்கும் முறையில் சில மாற்றங்களை முன்வைக்கிறோம். முதலாவது, மாணாக்கர் ஒரு கண்மாயை வரத்துக்கால் முதல் கலுங்கு வரை, தலைமடை முதல் கடைமடை வரை நடந்து அறியவேண்டும். அந்நடையில் ஆசிரியராயிருப்பவர் நீர்ப்பாய்ச்சியே, பேராசிரியர் அல்லர். இரண்டாவது, ஊழியப் பயிற்சிக்குச் செல்லும் ஊரில் ஒரு வாரமேனும் தம் தேவைக்கான நீரைத் தாமே, பெண்கள் எடுக்கும் இடத்திலிருந்து, அவர்கள் காத்திருக்கும் நேரம் காத்திருந்து எடுத்து வரவேண்டும். போதகர் என்பதற்காகச் சபையார் கொண்டுவந்து வைக்கும் குடத்தை அன்போடு மறுக்கவேண்டும். மூன்றாவது, விடுதியின் மின்கட்டணச் சீட்டைக் கையில் எடுத்து, அம்மின்சாரம் எவ்வெவ் வகை நிலையங்களிலிருந்து வருகிறது, அங்கே யாருடைய நிலமும் நீரும் செலவாகின்றன என்று ஆராய்ந்து எழுதவேண்டும். நான்காவது, ஆலய வளாகத்தின் ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி ஆழம், அதனால் சுற்றுப்புறக் கிணறுகளுக்கு என்ன நேர்ந்தது, வாயிற்கதவு எந்நேரம் யாருக்குத் திறக்கப்படுகிறது என்று சபைச் சங்கத்தில் கேட்கக் கற்கவேண்டும். இந்நான்காவது பாடமே மிகக் கடினமானது. ஏனெனில், அங்கே பலிபீடம் நம்முடையது.

தேர்வுத் தாளும் மாறவேண்டும். உக்கிராணத்துவத்தை விளக்குக என்ற வினாவுக்கு எழுதப்படும் விடை மாணாக்கரின் நினைவாற்றலைக் காட்டும். உமது ஊழிய ஊரில் தண்ணீர் எடுப்பவர் யார், அவர் யாருக்காக எடுக்கிறார் என்ற வினாவே அவருடைய ஊழியத்தைக் காட்டும்.

உபாகமம் 29ஆம் அதிகாரத்தில், மோவாப் தேசத்தில் உடன்படிக்கைக்காகக் கடவுளின் முன் நின்றோரின் பட்டியல் ஒன்று உண்டு. கோத்திரத் தலைவர்களும் மூப்பர்களும் பெண்களும் பிள்ளைகளும் நிற்கும் அவ்வரிசையின் முடிவில் விறகு வெட்டுபவனும் தண்ணீர் எடுப்பவனும் நிற்கின்றனர். அங்கே அவர்கள் பணிசெய்ய நிற்கவில்லை. உடன்படிக்கையின் மக்களாகவே நிற்கின்றனர். யோசுவா 9இல் திருச்சபை நெடுங்காலம் குடியிருந்துவிட்டது. உபாகமம் 29க்கு நாம் திரும்புவோமா என்பதே வினா.

அந்த மாணாக்கர் இப்போது ஆயராக அருட்பொழிவு பெறும் நிலையில் உள்ளார். அம்முதியவளின் தெருவுக்கு அவர் மீண்டும் செல்லக்கூடும். அவருக்கு நாம் கற்றுக்கொடுத்த பிரசங்கம் போதாது என்பதை இத்தாள்களின் வழியே அவரிடம் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். அவர் பிரசங்கத்தை எடுத்துச் செல்லுமுன், ஒரு குடத்தை எடுத்துச் செல்வாராக.